கொக்கி மட்டும்தானே

பற்றாசு ஒட்டவில்லை. சூடு பட்டதும் கடுகு போலச் சுருண்டு, வெள்ளித் தட்டான்பூச்சியின் முதுகில் உருண்டு, மேசை விளிம்பில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுக் கீழே குதித்து எங்கோ போய்விட்டது.

புகாரம்மா கேஸ் டார்ச்சை அணைத்தாள். குனிந்து தேடத் தெம்பில்லை. பற்றாசு என்பது வெள்ளியைவிடச் சீக்கிரம் உருகி, இரண்டு துண்டுகளை ஒன்றாக ஒட்டவைக்க வேண்டிய சின்னத் துணுக்கு. அவள் கையில் அது எதையும் ஒட்டவைத்ததைவிடத் தொலைந்துபோனதுதான் அதிகம்.

அவளுடைய நிஜப் பெயரை வீட்டிலேயே பாதிப்பேர் மறந்திருந்தார்கள். மின்சார அலுவலகத்தில் புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பது அவள் வேலை. காலையிலிருந்து மாலைவரை மற்றவர்களின் கோபம் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "சரி பண்ணிடுவாங்க சார்", "ஆள் கிளம்பியாச்சு மேடம்" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு கம்பியோடு இன்னொரு கம்பியைச் சேர்த்து அவள் கண்ணால் பார்த்ததில்லை. எதையாவது தன் கையால் சேர்த்து, அது சேர்ந்து நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் சனிக்கிழமை வெள்ளி நகை வகுப்பில் சேர்ந்தாள்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பழைய தையல் மேசைமேல் அவள் பட்டறை. அதன் நடுவில் இப்போது படுத்திருந்தது நாத்தனாரின் தட்டான்.

உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளியில் செய்த தட்டான்பூச்சி. தோளில் குத்திக்கொள்கிற நகை. நான்கு சிறகுகளும் கீல் வைத்து அசையும். கண்ணுக்கு இரண்டு நீலக் கற்கள். நாத்தனாருக்கு அவளுடைய மாமியார் கல்யாணத்தன்று குத்திவிட்டது. அந்த அம்மாள் எப்போது வந்தாலும் முதலில் மருமகளின் தோளைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. தட்டானின் முதுகில் ஊசியைப் பூட்டுகிற கொக்கி விட்டுப்போயிருந்தது. அடுத்த ஞாயிறு அந்த அம்மாள் வருகிறார்.

"கொக்கி மட்டும்தான் போச்சு. நீ பாத்துக் குடு" என்று சொல்லித்தான் நாத்தனார் டப்பாவை நீட்டினாள்.

புகாரம்மா கையை நீட்டவில்லை. "நானா அண்ணி? இவ்ளோ முக்கியமான பொருளு. கடையில குடுத்தா..."

"கடைக்கெல்லாம் வேண்டாம். நீதான் செய்யணும்."

பக்கத்தில் நாத்தனாரின் கணவர் உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். அவர் அப்போது சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புகாரம்மா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காரணம் இருந்தது. நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. போன வருடம் புகாரம்மா செய்து தந்த தோட்டைப் போட்டுக்கொண்டு ஆண்டு விழா மேடையேறினாள். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தோடு கழன்று மைக்கின் மேல் விழுந்தது. அந்த 'டொங்' சத்தம் கடைசி வரிசைவரை கேட்டதாம். அதற்கு முன் தந்த மோதிரம் விரலைப் பச்சையாக்கியது. அதற்கும் முன் தந்த சங்கிலியைப் பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. இவ்வளவுக்கும் பிறகு தன்னை நம்பி ஒருத்தி தட்டானைத் தருகிறாள் என்றால்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தாள்.

இப்போது உருண்டோடிய பற்றாசுக்குப் பதில் இன்னொரு துணுக்கை வைத்தாள். பற்றாசு ஓட உதவுகிற வெண்காரத்தைக் குழைத்துப் பூசினாள். இந்தத் தடவை டார்ச்சைக் கொக்கிக்கு நேராகவே பிடித்தாள். சூடு போதவில்லை என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு. கொக்கி சிவந்தது. ஆரஞ்சானது. பிறகு வெட்கப்பட்டதுபோலத் தலைகுனிந்து, தனக்குள் தானே ஒடுங்கி, பளபளவென்று ஒரு வெள்ளி மிளகாக உட்கார்ந்தது.

அவள் கணவர் கதவருகே வந்து நின்றார். அக்காவின் பொருள் வீட்டுக்குள் இருக்கிறது என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

"கொக்கி மட்டும்தானே?" என்றார்.

"கொக்கி மட்டும்தான். புதுசா ஒண்ணு செஞ்சுக்கலாம்."

"தட்டானுக்குத் தட்டான் வேலை தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுத்திருக்கலாம் அக்கா" என்று முனகிக்கொண்டு போனார்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் வெள்ளிக் கம்பியை வளைத்துப் புதுக் கொக்கி செய்தாள். அது நன்றாகவே வந்தது. சின்னத் துண்டை மட்டும் சூடாக்கியதுதான் நேற்றைய தப்பு என்று புரிந்திருந்தது. பெரிய உடம்புதான் முதலில் சூடேற வேண்டும். எனவே தட்டான் முழுவதற்கும் டார்ச்சைக் காட்டினாள், பொறுமையாக, சுற்றிச் சுற்றி. பற்றாசு உருகிக் கொக்கியின் அடியில் வெள்ளிக் கோடாக ஓடியது. அந்த ஒரு விநாடி அவள் வாழ்க்கையில் எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த விநாடி வலது மேல் சிறகு சத்தமில்லாமல் நழுவிக் கீழே படுத்துக்கொண்டது. உடம்பு முழுவதும் சூடேறினால் பழைய பற்றாசும் உருகும் என்று யாரும் தட்டானிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவளிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பதறிப்போய் மொத்தத்தையும் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். 'சுர்' என்றது. கூடவே 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை. எடுத்துப் பார்த்தால் தட்டானுக்கு ஒரு கண்ணில் குறுக்கே விரிசல்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரின் போன்.

"ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு அண்ணி."

"ஏதாவது ஆயிடுச்சா?"

புகாரம்மா ஒற்றைக் கண் தட்டானைப் பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் நேரம் எடுக்குது, அவ்ளோதான்."

எதிர்ப்புறம் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஏதாவது ஆனா மறைக்காம சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

இவ்வளவு பெரிய மனசை இத்தனை நாள் தப்பாக எடைபோட்டோமே என்று அவளுக்கு மேலும் வலித்தது. போனை வைத்தபோது கணவர் பின்னால் நின்றிருந்தார்.

"கொக்கி மட்டும்தானே?"

"கொக்கி, ஒரு சிறகு. அப்பறம் ஒரு கண்ணு."

அவர் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

சிறகை ஒட்டுவதற்கு அதிகமாகவே பற்றாசு வைத்தாள், இனி எந்த ஜென்மத்திலும் விழக்கூடாது என்று. விழவில்லை. அதுபாட்டுக்கு உருகிக் கீலுக்குள் புகுந்து, அங்கிருந்து அடுத்த கீலுக்கு நகர்ந்து, நான்கு சிறகுகளையும் ஒரே உடம்பாக இறுக்கிவிட்டது. அசைத்துப் பார்த்தாள். தட்டான் விறைத்துக் கிடந்தது. காற்றில் பறந்துகொண்டிருந்ததை யாரோ அறைந்து நிறுத்திவைத்த மாதிரி இருந்தது.

சூட்டில் கறுத்துப்போனதையாவது போக்கலாம் என்று அமிலத் தண்ணீரில் போட்டாள். வகுப்பில் தந்த செம்பு இடுக்கியைக் காணோம். சமையலறையிலிருந்து எஃகு இடுக்கியை எடுத்து வந்து, அதனாலேயே தட்டானை நன்றாகப் புரட்டிப் புரட்டிக் கழுவினாள். வெளியே எடுத்தபோது தட்டான் ரோஜா நிறத்தில் இருந்தது. முழு உடம்பும், ஒரு இடம் விடாமல். அமிலத்தில் ஊறியிருந்த செம்பெல்லாம் எஃகைக் கண்டதும் கிளம்பி வந்து வெள்ளிமேல் குடியேறிவிடும் என்பது வகுப்பில் சொன்ன விஷயம்தான். அன்று அவள் அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். ரோஜா போனது. அதோடு சிறகுகளில் இருந்த மெல்லிய நரம்புக் கோடுகளும் போயின.

"கொக்கி மட்டும்..." என்று ஆரம்பித்த கணவர் மேசையைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்கவில்லை. "அக்காகிட்ட நான் வேற ஊர்ல இருக்கேன்னு சொல்லிடு" என்றார்.

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்றாள் புகாரம்மா. அவளுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

மறுநாள் மதிய இடைவேளையில் தட்டானைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கடைத்தெரு நகைக்கடை வாசல்வரை போனாள். கண்ணாடிக் கதவுக்குள் ஒரு மனிதர் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். கைகள் அவசரப்படாமல் நகர்ந்தன. உள்ளே போய் அவர் முன் வைத்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் "நீதான் செய்யணும்" என்ற குரல் காதுக்குள் நின்றது. கதவின் கைப்பிடியைத் தொட்டவள் திரும்பி அலுவலகத்துக்கே நடந்தாள்.

சனிக்கிழமை வகுப்பு. சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ஒரே ஓர் அறை. நடத்துகிற பெண்ணுக்குப் புகாரம்மாவின் வயதில் பாதிதான் இருக்கும். சுவரில் பெரிய எழுத்தில் 'தப்பு நல்லது' என்று எழுதி வைத்திருந்தாள். யார் எதைக் கெடுத்துக் கொண்டுவந்தாலும் அந்தச் சுவரைக் கையால் காட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவாள்.

புகாரம்மா கைக்குட்டையைப் பிரித்தாள். அந்தப் பெண் பார்த்தாள். கை சுவரை நோக்கிப் பாதிவரை உயர்ந்து, இறங்கிவிட்டது.

"மேடம், இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

"நாளைக்கே குடுக்கணும். பொய் சொல்லியாவது இன்னும் ஒரு வாரம் நாள் வாங்கறேன். நீ சொல்லிக்குடு. எங்கெங்க தப்புன்னு ஒண்ணுவிடாம சொல்லு. எனக்குக் கோபம் வராது. நாள் முழுக்கத் திட்டு வாங்கறதுதான் என் வேலையே."

நாள் வாங்குவது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. தன் மாமியாரின் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டதாக நாத்தனாரே போனில் சொன்னாள். "அவசரமே இல்ல. நீ உன் இஷ்டத்துக்குப் பண்ணு. யாரையும் கேக்காத" என்றும் சொன்னாள். புகாரம்மா போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அந்த வாரம் அவள் தட்டானைத் தொடவே இல்லை. அலுவலகம் விட்டு வந்து, கால் வீங்கியிருந்தாலும் மேசைமுன் உட்கார்ந்து செம்புக் கம்பித் துண்டுகளைச் சேர்த்துப் பழகினாள். முதலில் சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு விரல்ரேகை இருந்தாலும் பற்றாசு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிறகு பெரிய துண்டுக்குச் சூடு, சின்னதற்குக் கடைசியில் ஒரு பார்வை மட்டும். சூடு எங்கே அதிகமோ அங்கேதான் பற்றாசு ஓடும், அதனால் நெருப்பால் வழிகாட்ட வேண்டும். தாமதமாக உருகுகிற பற்றாசு முதலில், சட்டென்று உருகுவது கடைசியில். பழைய இணைப்புகள் உருகாமலிருக்க அவற்றின்மேல் ஈரக் களிமண். கல் பதிப்பதெல்லாம் நெருப்பு வேலை முடிந்த பிறகு. ஒவ்வொன்றும் அவள் ஏற்கெனவே தப்பாகச் செய்து பார்த்தது என்பதால் ஒன்றுகூட மறக்கவில்லை.

செம்புத் துண்டுகள் ஒட்டத் தொடங்கின. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கணவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாள். அவருக்கும் வரவில்லை. "பரவாயில்லையே" என்றார் அவர். பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வந்த மிக நீளமான பாராட்டு அது.

பிறகுதான் தட்டானை எடுத்தாள். இறுகிப்போன கீல்களை மயிரிழை ரம்பத்தால் அறுத்து, சிறகுகளைத் தனித்தனியாகப் பிரித்தாள். வெள்ளித் தகட்டை உருட்டிச் சின்னச் சின்னக் குழாய்கள் செய்து புதுக் கீல் வைத்தாள். மணிக்கடையில் தேடி இரண்டு நீலக் கற்களை வாங்கி வந்தாள்.

அழிந்துபோன நரம்புக் கோடுகளுக்கு மட்டும் வழி தெரியவில்லை. கடைசியில் வீட்டிலிருந்த குடும்பப் புகைப்படங்களை எல்லாம் பரப்பினாள். அந்த மாமியார் வந்த எல்லா விசேஷங்களிலும் நாத்தனாரின் தோளில் தட்டான் இருந்தது. அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஊசிமுனையால் ஒவ்வொரு கோடாகக் கீறினாள். எல்லாப் படத்திலும் நாத்தனார் கழுத்தைக் கொஞ்சம் எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நின்றாள். தலைமையாசிரியை அல்லவா, படத்துக்கு நிற்பதில்கூட ஒரு கம்பீரம் என்று புகாரம்மா நினைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் கொக்கி. பற்றாசு ஓடியது. எதுவும் விழவில்லை. நெருப்பை அணைத்துவிட்டு, தானாக ஆறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறிய பின் கண்களைப் பதித்து, மெருகேற்றி, மேசை விளக்கின் கீழ் வைத்தாள். விரலால் தட்டியதும் நான்கு சிறகுகளும் ஒன்றாக நடுங்கின.

கணவர் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"கொக்கி மட்டும்தானே?" என்றார்.

"கொக்கி மட்டும்தான்."

அவளுக்குச் சந்தோஷப்படக்கூடச் சக்தி இல்லை. முதுகு வலித்தது. நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு காலை நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். மாமியார் மதிய வண்டியில் வருகிறார். வீடு துடைத்து வைத்ததுபோல இருந்தது. நாத்தனார் கதவைத் திறந்ததும் முதலில் புகாரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்கடியில் கருவளையம், விரல் நுனிகளில் தீக்காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி. அதைப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் கனிந்துவிட்டது.

"ஐயோ பாவம். ரொம்பக் கஷ்டப்பட்டியா? வா, உக்காரு. எதுவானாலும் நான் தாங்கிக்கறேன்."

அவளே பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தாள். மருந்துக்கடைக்காரரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவசரமாக வந்து உட்கார்ந்தார். கணவர் மட்டும் கிளம்ப வசதியாக வாசலை ஒட்டி நின்றுகொண்டார்.

புகாரம்மா டப்பாவைத் திறந்தாள்.

ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தட்டான் ஒளிர்ந்தது. காற்றாடியின் காற்றுக்குச் சிறகுகள் படபடத்தன. புதுக் கண்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தன.

நாத்தனார் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கொக்கி..." என்றாள் நாத்தனார். "நிக்குதா?"

"நல்லா நிக்கும் அண்ணி. இழுத்துப் பாருங்களேன்."

நாத்தனார் இழுத்துப் பார்த்தாள். இரண்டாவது முறை கொஞ்சம் பலமாகவே இழுத்தாள். கொக்கி அசையவில்லை.

"இனிமே எத்தனை வருஷமானாலும் விழாது. சிறகெல்லாம்கூட முன்னவிடக் கெட்டியா இருக்கு" என்றாள் புகாரம்மா.

"ஓ" என்றாள் நாத்தனார். "நல்லா... இருக்கு."

அந்தக் குரலைப் புகாரம்மாவுக்குத் தெரியும். இந்த வாரமும் மின்சாரம் வராது, அடுத்த வாரமும் சொல்ல முடியாது என்று கேட்ட பிறகு, சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறவர்களின் குரல் அது. நாத்தனார் தட்டானை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டாள். கழுத்து தானாக எதிர்ப்பக்கம் சாய்ந்தது. எழுந்து சமையலறைக்குள் போனவள் திரும்பி வரவில்லை. உள்ளே ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

அதற்குமேல் உட்காரத் தோன்றவில்லை. புகாரம்மா டப்பாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். கணவர் ஏற்கெனவே படி இறங்கியிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். நிறுத்தத்துப் பெஞ்சில் புகாரம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு வாரக் களைப்பும் அப்போதுதான் ஒன்றாகக் காலுக்கு இறங்கியது.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அண்ணிக்கு ஏன் பிடிக்கல? எங்க தப்புப் பண்ணேன்னு சொன்னீங்கன்னா, அடுத்த தடவ திருத்திக்குவேன்."

அவர் திரும்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவள் விரல்களில் இருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஊர்ல இத்தனை நகைக்கடை இருக்கறப்போ உன்கிட்டக் குடுத்ததே, அது உயிரோட திரும்பி வராதுன்னு நம்பித்தாம்மா."